ஹைஃபை ஸ்பீக்கர் நாமளே செஞ்சா தேறுமா, இல்ல கடையிலயே வாங்கிரலாமா?

அம்பை_வாய்க்கால்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், இங்கன விவரம் தெரிஞ்சவங்க நெறய பேர் இருக்கீங்கன்னு கேக்குதேன், கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கிடுங்க.

நமக்கு அம்பாசமுத்திரம். பழைய வீட்ட இடிச்சிட்டு புதுசு கட்டி குடி வந்தாச்சு. பட்டாசல் (ஹால்) 12க்கு 16 அடி, கீழ டைல்ஸ், ஒரு பக்கம் பெரிய ஜன்னல், சாமான் அதிகம் கெடையாது. 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒண்ணு ஏற்கனவே இருக்கு, நல்ல ஆம்ப்தான், ஆனா அதுல மாட்டியிருக்கது பழைய ஹோம் தியேட்டர் செட்டோட வந்த பிளாஸ்டிக் ஸ்பீக்கரு. நான் கேக்கது பெரும்பாலும் இளையராஜாவோட எண்பதுகள் பாட்டு, காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம், அப்பா அந்தக் காலத்துல கோயில் கொடையில கேசட்டுல பிடிச்சு வச்ச வில்லுப்பாட்டு, அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கேன். இந்த ஸ்பீக்கர்ல நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போனா காதக் குத்துது, வில்லுப்பாட்டுல குடம் அடிக்கது வெறும் தட்டு மட்டும் கேக்குதே ஒழிய அந்த உள்ள இருந்து வார முழக்கம் வரவே மாட்டேங்குது.

ஜோடிக்கு 30 ஆயிரம் வரைக்கும் போடலாம்னு இருக்கேன். அந்த வெலைக்கு கடையில புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் (அலமாரியில வைக்கிற சைசு சின்ன ஸ்பீக்கர்) கெடைக்கும், தெரியும். ஆனா சொந்தமா செஞ்சவங்க எல்லாம் அதே காசுக்கு ரெண்டு படி மேல வரும்னு சொல்லுதாங்க. எனக்கு சால்டரிங் நல்லா வரும், மர வேலை வராது. இடிச்ச வீட்டுக் கதவு, பர்மா தேக்கு, அப்படியே புறவாசல்ல சாத்திக் கெடக்கு, அதுல பொட்டி செஞ்சா எப்படி இருக்கும்? கிராஸ்ஓவர் போர்டு (கனத்த சத்தத்தயும் கீச்சு சத்தத்தயும் தனித்தனியாப் பிரிச்சு அனுப்புற சர்க்யூட்) ஆன்லைன்ல ரெடிமேடா கெடைக்கே, அது போதுமா? ரேடியோ செட்டுக்காரங்க போடுற ஸ்பீக்கர் டிரைவரு, அதான் பொட்டியில மாட்டுற சத்தம் போடுற வட்டம், நம்ம பக்கமே கெடைக்குது, அதப் போட்டா ஆகாதா? மூடுன பொட்டியா, ஓட்டை வச்ச பொட்டியா? எல்லாத்தையும் ஒரேயடியா கேட்டுட்டேன், தெரிஞ்சத சொல்லுங்க.

பாளை_காயில்:

தம்பி, தாராளமா செய்யலாம். ஆனா மொதல்லயே ஒண்ணு சொல்லிருதேன், காசு மிச்சம் பிடிக்கணும்னு மட்டும் இதுல இறங்காதீங்க. 30 ஆயிரத்துல பாதிக்கு மேல டிரைவருக்கே போயிரும், மிச்சம் கிராஸ்ஓவர் சாமான், பலகை, ஆசாரி கூலி, பாலிஷ்னு சரியாப் போயிரும். லாபம் எங்கன இருக்குன்னா, கம்பெனிக்காரன் அட்டப்பெட்டி, லாரி வாடகை, விளம்பரம், டீலர் கமிஷன் அம்புட்டையும் வெலையில ஏத்தித்தான் ஆகணும், நமக்கு அந்தச் செலவு இல்ல, அந்தக் காசு நேரா நல்ல வூஃபருக்கும் (கனத்த சத்தத்துக்கான டிரைவர்) ட்வீட்டருக்கும் (கீச்சு சத்தத்துக்கான டிரைவர்) போவுது. அதோட பொட்டிய உங்க பட்டாசலுக்குத் தக்கன, சுவர ஒட்டி வைக்கப் போறீங்களா தள்ளி வைக்கப் போறீங்களான்னு பாத்து செஞ்சிக்கிடலாம்லா, அது கடை ஸ்பீக்கர்ல முடியாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாரேன். புதுசா வாரவங்க எல்லாரும் பொட்டியப் பத்தியேதான் கேக்காங்க. பொட்டி, ஒரு நல்ல ஆசாரி கையில அளவு எழுதிக் குடுத்தா முடிஞ்சு போற சோலி. ஸ்பீக்கரோட உசுரு கிராஸ்ஓவர்லதான் இருக்கு. 2 வே (ரெண்டு டிரைவருக்குப் பிரிக்கது), 8 ஓம் (ஓம்னா கரண்டுக்கு இருக்க தடையோட அளவு), 3 கிலோஹெர்ட்ஸ்னு எழுதி ரெடிமேடா விக்காங்களே, அந்த போர்டு எந்த டிரைவருக்காகவும் செஞ்சது கெடையாது. டிரைவர் எல்லா ஃப்ரீக்வென்சியிலயும் கல்லு மாதிரி 8 ஓம்லயே நிக்கும்னு வச்சுப் போட்ட கணக்கு அது. நெசத்துல எந்த வூஃபரும் அப்படி நிக்காது, ரெசொனன்ஸ் (கோன், அதான் வூஃபரோட கூம்பு, தானா ரொம்ப அதிருற சுருதி) வார எடத்துல 30 ஓமையும் தாண்டி ஏறும், பொறவு 6, 7 ஓமுக்கு இறங்கும், மேல போகப் போக வாய்ஸ் காயிலோட (கோன்ல ஒட்டியிருக்க கம்பிச்சுருள்) இண்டக்டன்ஸ் (ஃப்ரீக்வென்சி ஏற ஏற கூடுற தடை) சேர்ந்து மறுபடி ஏறிக்கிட்டே போகும். அதனால அதே போர்ட ரெண்டு வேற வேற வூஃபர்ல மாட்டுனா ரெண்டும் வேற வேற எடத்துல வெட்டும். போர்டுல எழுதியிருக்க 3 கிலோஹெர்ட்ஸ் வெறும் எழுத்துதான்.

ஏற்கனவே உங்களுக்கு நாதஸ்வரம் காதக் குத்துதுன்னு சொன்னீங்களே, அதுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. நம்ம காது 2லிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ரொம்பக் கூர்மையா கேக்கும், நாதஸ்வரத்தோட அந்தச் சீவாளிக் காரமும் அங்கனதான் வந்து விழுது, பெரும்பாலான 2 வே ஸ்பீக்கர்ல வூஃபர் விட்டு ட்வீட்டர் எடுக்குற எடமும் அதேதான். அந்த மாத்துற எடத்துல வூஃபரோட கோன் நெளிஞ்சு கத்துறத அடக்காம விட்டாலோ, ட்வீட்டர அதால தாங்க முடியாத அளவுக்குக் கீழ இறக்கி விட்டாலோ, மத்த பாட்டெல்லாம் ஓரளவு ஒப்பேறிரும், காருகுறிச்சியார் வாசிப்பு ஒப்பேறாது. ஸ்பீக்கர சோதிக்க நம்ம ஊர்ல இதவிட நல்ல ரெக்கார்டிங் வேண்டாம்னே சொல்லுவேன்.

இன்னொண்ணு, ரெடிமேட் போர்டு எதுலயும் பார்க்காத விஷயம். முன்பலகை 21 செமீ அகலம்னு வச்சுக்கிடுங்க. சுமார் 550 ஹெர்ட்ஸுக்கு மேல சத்தம் பூரா நம்மப் பாத்து முன்னால வரும், அதுக்குக் கீழ போகப் போக பொட்டியச் சுத்திக்கிட்டு பின்னாலயும் போயிரும், கடைசியில 6 டெசிபல் வரைக்கும் கொறஞ்சிரும். 115ஐ மீட்டர்ல இருக்க அகலத்தால வகுத்தா அந்த ஃப்ரீக்வென்சி வந்துரும், 0.21னு போட்டுப் பாருங்க. இத பேஃபிள் ஸ்டெப்னு சொல்லுவாங்க. கிராஸ்ஓவர்ல இத சரிக்கட்டலைன்னா ஆம்பளக் குரல் எல்லாம் மெலிஞ்சு கேக்கும், தவில்ல தொப்பிப் பக்கம் செத்துப் போயிரும். சுவர ஒட்டி வச்சா முழுசா சரிக்கட்ட வேண்டாம், சுவரே பாதியத் திருப்பித் தந்துரும்.

அதனால மொத ஜோடிக்கு நீங்களா டிசைன் பண்ணாதீங்க. அளந்து, கிராஃப் போட்டு, சர்க்யூட்டோட வெளியிட்டிருக்க டிசைன் இணையத்துல நெறய கெடக்கு, டென்மார்க்ல ட்ரோல்ஸ் கிரேவ்சன் மாதிரி ஆளுங்க வருசக்கணக்கா இதையே செஞ்சு போட்டிருக்காங்க. ஒண்ணப் பிடிங்க, அதே டிரைவர், அதே முன்பலகை அகலம், டிரைவர் ஓட்டையெல்லாம் அதே எடம், அதே மதிப்பு கப்பாசிட்டர். அந்த வூஃபர் கெடைக்கல, அதே சைசுல இது கெடச்சுதுன்னு மாத்துனீங்கன்னா அது வேற ஸ்பீக்கர். டிரைவர்ல பீர்லெஸ் இந்தியாவுலயே செய்யுதாங்க, இந்தோனேசியாவோட எஸ்பி அகூஸ்டிக்ஸ் வெலைக்கு மீறின தரம். நார்வேயோட சீயாஸ், டென்மார்க்கோட ஸ்கேன்ஸ்பீக் எல்லாம் அருமையானது, ஆனா கஸ்டம்ஸ் டூட்டியும் கூரியரும் சேர்ந்தா இந்த பட்ஜெட்ட விழுங்கிரும்.

மூடுன பொட்டியா ஓட்டப் பொட்டியாங்கிறத டிரைவரோட கணக்குதான் சொல்லும், நம்ம ஆசை சொல்லாது. ஆஸ்திரேலியாவுல தீல் 1961லயும், பொறவு ஸ்மால் எழுபதுகளோட தொடக்கத்துலயும் எழுதி வச்ச கணக்கு, இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா அதுலதான் ஓடுது. டேட்டா ஷீட்ல எஃப்எஸ் (டிரைவர் தானா அதிருற சுருதி), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எம்புட்டு அடங்குதுங்கிறது), விஏஎஸ் (கோனோட வெறைப்புக்குச் சமமான காத்தோட அளவு)னு மூணு நம்பர் இருக்கும். உதாரணத்துக்கு எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.40, விஏஎஸ் 20 லிட்டர்னா, மூடுன பொட்டிக்கு 9.4 லிட்டர் போதும், பேஸ் சீரா இறங்கும், 70 ஹெர்ட்ஸ் பக்கத்துல 3 டெசிபல் கொறஞ்சிருக்கும். அதே டிரைவருக்குக் கொஞ்சம் பெரிய பொட்டியா செஞ்சு போர்ட் (காத்து போயி வார ஓட்டைக்குழாய்) வச்சா 45, 50 வரைக்கும் இழுக்கலாம், ஆனா அதுக்குக் கீழ படக்குன்னு விழுந்துரும். வின்ஐஎஸ்டின்னு ஒரு ப்ரோக்ராம் சும்மா கெடைக்கு, அந்த மூணு நம்பரப் போட்டா வளைவக் காட்டிரும், அதுல ஒரு ராத்திரி உக்காந்து பாருங்க.

செங்கோட்டை_பலகை:

பாளை அண்ணாச்சி பொட்டிய லேசா சொல்லிட்டாக, நான் மரக்காரன், என் பங்குக்கு சொல்லிக்கிடுதேன் :)

மொத அந்தத் தேக்குக் கதவு. தம்பி, அதுல பொட்டி செய்யாதீங்க. நூறு வருசத் தேக்கா இருந்தாலும் மரம் மரந்தான், ரேகைக்குக் குறுக்க அது காத்துல இருக்க ஈரத்துக்குத் தக்கன விரியும் சுருங்கும். உங்க பக்கம் சித்திரையில காயுற காய்ச்சலும், ஆனி ஆடியில பொதிகைப் பக்கமிருந்து வார சாரலும் ஒரே வருசத்துல ரெண்டையும் பாக்கும். கதவுல பலகை காடிக்குள்ள தளர்வா உக்காந்திருக்கதால விரிஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. ஸ்பீக்கர் பொட்டியில ஆறு பக்கமும் இறுக்கி ஒட்டுனப் பொறவு மரம் அசைய எடம் இருக்காது, மூலையில வாய் பிளந்துரும், மூடுன பொட்டியில காத்து ஒழுகுனா பேஸ் போச்சு. அந்தக் கதவ மெல்லிசா அறுத்து வெனீர் ஆக்கி மேல ஒட்டலாம், இல்ல ஸ்பீக்கர் வைக்கிற ஸ்டாண்டு அதுல செய்ங்க, உங்க தாத்தா வீட்டு மரம் கண்ணு முன்னாலயும் இருக்கும், சத்தத்துக்கும் பழுது வராது.

பொட்டிக்கு 18 எம்எம் எம்டிஎஃப் (மரநாரப் பசையோட அமுக்கிச் செஞ்ச பலகை)னு எல்லா டிசைன்லயும் போட்டிருப்பான். எம்டிஎஃப் நல்ல சாமான்தான், ஒரே சீரா இருக்கும், உள்ள ஓட்டை இருக்காது, ரௌட்டர் (பலகையக் குடையுற மெசின்) வெண்ணெயா ஓடும். ஆனா தண்ணி பட்டா ஊதிரும், அதுவும் வெட்டுன ஓரம். பாளையங்கோட்டையில இருக்கவகளுக்கு அது தெரியாது, எங்க செங்கோட்டை, தென்காசி, குத்தாலப் பக்கம் சீசன்ல மூணு மாசம் துணியே காயாது. உங்க ஊருக்கும் நான் எச்டிஎச்எம்ஆர் போர்டு சொல்லுவேன், மாடுலர் கிச்சன் செய்யுறவங்க கிட்ட கெடைக்கும், எம்டிஎஃப் விட அழுத்தம், ஈரம் தாங்கும். இல்லைன்னா நல்ல பிளைவுட், தண்ணி தாங்குற ரகத்துக்கான ஐஎஸ் 710 முத்திரை உள்ளது. மலிவுப் பிளைவுட் வாங்கிராதீங்க, உள்ள பொந்து இருக்கும், அது குறிப்பிட்ட ஒரு சுருதிக்கு மட்டும் கிர்ருன்னு அதிரும்.

21 அகலம் 34 உயரம் 26 ஆழம்னு ஒரு பொட்டி செஞ்சா, 18 எம்எம்ல உள்ளளவு 11.8 லிட்டர் வரும், டிரைவர், சட்டம், கிராஸ்ஓவர் எடம் கழிச்சா பத்தரை சொச்சம் நிக்கும். ரெண்டு பொட்டிக்கும் சேத்து 8க்கு 4 ஷீட்ல மூணுல ஒரு பங்கு கூட வேண்டாம். முழு ஷீட் வாங்காதீங்க, கிச்சன் வேலை நடக்குற பட்டறையில கட் பீஸ் கேளுங்க, மெசின்ல நேரா வெட்டியும் தருவாங்க. கையால வெட்டுனா ஒரு எம்எம் கோணல் வந்தாலும் ஒட்டும்போது ஆத்திரமா வரும்.

உள்ள நடுவுல ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம். வச்சப் பொறவு பக்கவாட்டுல விரல் முட்டியால தட்டிப் பாருங்க, தட்டுற சத்தம் கட்டையா, சின்னதா நிக்கணும். டிரைவர் வட்டம் வெட்ட ஜிக் சா வேண்டாம், ரௌட்டர்ல வட்ட ஜிக் மாட்டி வெட்டணும், ட்வீட்டர் ஃபிளேஞ்சு (சுத்தியிருக்க விளிம்பு) பலகையோட ஒண்ணா உக்கார மாதிரி பள்ளமும் அதுலயே எடுத்துரலாம். பின்னால இருந்து வூஃபர் ஓட்டையோட ஓரத்த சரிவா செதுக்கி விடுங்க, 18 எம்எம் தடிமனுக்குள்ள சின்ன வூஃபர் மூச்சு முட்டும். எம்டிஎஃப் தூசி நுரையீரலுக்கு ஆகாது, அதுல பசையில ஃபார்மால்டிஹைடு இருக்கு, ஆசாரிக்கும் ஒரு என்95 மாஸ்க் வாங்கிக் குடுங்க, போடச் சொல்லுங்க.

சுரண்டை_ரேடியோசெட்:

எங்க தொழில்ல இருக்க டிரைவரப் போடலாமான்னு கேட்டதுக்கு நான்தான் சொல்லணும். போடலாம், ஆனா உங்களுக்கு வேண்டியது அது இல்ல.

நாங்க கொடைக்குக் கட்டுற ஸ்பீக்கருக்கு வேலையே வேற. தேரிக்காட்டுல மரத்து மேல குழாய் கட்டுனா அடுத்த ஊருக்குக் கேக்கணும், ராத்திரி பூரா வில்லு, கணியான் கூத்துன்னு ஓடணும், சூடேறி நிக்கக் கூடாது. அதனால எங்க பாக்ஸ் டிரைவர் எல்லாம் ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் மாதிரி குடுக்கும், வீட்டு ஹைஃபை வூஃபர் 86தான் குடுக்கும். 11 டெசிபல் வித்தியாசம்னா அதே சத்தத்துக்கு வீட்டு ஸ்பீக்கருக்கு பன்னெண்டு மடங்குக்கு மேல வாட் வேணும். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தச் சத்தத்துக்கு நாங்க விட்டுக் குடுத்தது பேஸ். கோன் லேசு, சஸ்பென்ஷன் வெறைப்பு, முன்ன பின்ன அசையுற தூரம் கம்மி, ஆழமான பேஸ் வேணும்னா அம்மாம்பெரிய பொட்டி வேணும். 10 லிட்டர் பொட்டியில எங்க டிரைவரப் போட்டா குரல் மட்டுந்தான் நிக்கும். ஹார்ன் வச்ச ட்வீட்டர பத்தடி தூரத்துல உக்காந்து கேட்டா அது வேற வேதனை.

நான் தொழிலுக்கு வச்சிருக்கதும் வீட்டுல கேக்கதும் வேற வேற, வீட்டுக்கு சின்னதா ஒரு மூடுன பொட்டி ஜோடிதான் செஞ்சு வச்சிருக்கேன். வில்லுப்பாட்டுக் குடம் நல்லா கேக்கணும்னு சொன்னீங்க பாருங்க, சந்தோசமா இருக்கு தம்பி. எத்தன பேருக்கு இப்ப அந்த கேசட்டு அருமை தெரியுது. ஒரு காப்பி எடுத்து வேற எடத்துலயும் பத்திரமா வைங்க.

மேலப்பாளையம்_மெலடி:

எல்லாரும் செய் செய்ங்கிறீங்க, மறுபக்கமும் ஒருத்தர் சொல்லணும்ல. 30 ஆயிரத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல நல்ல பிரிட்டிஷ் புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் சென்னையிலயோ பெங்களூர்லயோ கெடைக்கும், ஒரு ஆள் போயி கேட்டுப் பாத்து வாங்கிட்டு பஸ்ஸுல கொண்டாந்துரலாம், அன்னைக்கு ராத்திரியே பாட்டு கேக்கலாம். பெரிய கம்பெனி எதிரொலி இல்லாத அறையில வச்சு அளந்து, ஒரே டிசைன ஆயிரக்கணக்குல செஞ்சு, ஜோடிக்கு ஜோடி பொருந்த மாதிரி டிரைவரப் பிரிச்சுப் போடுவான். அதே ஸ்பீக்கர் பிடிக்கலைன்னா ரெண்டு வருசம் கழிச்சு வித்துரலாம். வீட்டுல செஞ்சத யாரு வாங்குவா? டிரைவரக் கழட்டித்தான் விக்கணும்.

இத வேண்டாம்னு சொல்லல. ஆறு மாசம் வேலை இழுத்தாலும் பரவால்ல, வீட்டுல தூசிக்கும் பாதி செஞ்ச பொட்டிக்கும் எடம் இருக்கு, செய்யுறதே சந்தோசம்னா செய்ங்க. பாட்டு மட்டும் போதும்னா வாங்கிருங்க.

ஸ்பீக்கருக்கு முன்னால அந்த ரூமப் பாருங்க. டைல்ஸும் வெறுஞ்சுவரும் ஜன்னல் கண்ணாடியும் இருந்தா எந்த ஸ்பீக்கரும் காதக் குத்தத்தான் செய்யும். கீழ ஒரு கனத்த ஜமுக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு வச்ச கனமான திரை, பின்சுவருல புத்தக அலமாரி, இத மொதல்ல போட்டுட்டு பழைய ஸ்பீக்கர்லயே கேட்டுப் பாருங்க.

அம்பை_வாய்க்கால்:

எல்லா அண்ணாச்சிக்கும் ரொம்ப நன்றி, இம்புட்டு விவரமா எழுதுவீங்கன்னு நெனைக்கல. மேலப்பாளையம் அண்ணன் சொன்னபடி அலமாரி மேல சுருட்டி வச்சிருந்த ஜமுக்காளத்த எடுத்து விரிச்சேன், நெசமாவே குத்தல் கொறஞ்சிருக்கு, இதுவரைக்கும் எவனும் சொல்லல.

ஆனா எனக்கு செய்யணும்னுதான் தோணுது. ஒரு பழகுன டிசைனப் பிடிச்சு அப்படியே செய்யுதேன். தேக்கு ஸ்டாண்டுக்குப் போவுது, முடிவு பண்ணியாச்சு. மூணு சந்தேகம் மட்டும். கிராஸ்ஓவர் காயில் (கம்பிச்சுருள்) ஆன்லைன்ல வெலை ரொம்ப சொல்லுதான், நாமளே சுத்தலாமா? போர்ட் வச்சாத்தான் குடத்தோட முழக்கம் வருமா? டிசைன் அப்படியே செஞ்சாலும் மைக் வச்சு அளக்கணுமா?

பாளை_காயில்:

காயில் நாமளே சுத்தலாம், சுத்தணும்னே சொல்லுவேன். நம்ம பக்கம் கிணத்து மோட்டாருக்கு காயில் கட்டுற கடை இல்லாத ஊரே கெடையாது, அங்கன எனாமல் காப்பர் கம்பி எடைக்குத் தருவாங்க. 18 கேஜ் கேளுங்க, அது 1.2 எம்எம் தடிமன் இருக்கும், வூஃபர் லைன்ல ரெசிஸ்டன்ஸ் கொறையா இருக்கும். ஒரு பிளாஸ்டிக் பாபின்ல இறுக்கி, வரிசை கலையாம கொஞ்சம் கூடுதலாவே சுத்தி, எல்சிஆர் மீட்டர் (இண்டக்டன்ஸ் அளக்குற மீட்டர்) வச்சு வேண்டிய மில்லிஹென்றி வார வரைக்கும் ஒவ்வொரு சுத்தா பிரிச்சு அளந்து நிறுத்துங்க. டிசைன்ல காயிலோட டிசி ரெசிஸ்டன்ஸும் போட்டிருப்பான், அதையும் ஒத்துப் பாருங்க, கம்மியா இருக்கது எப்பவும் நல்லதுன்னு நெனைக்காதீங்க, சில டிசைன்ல அந்த அரை ஓமும் கணக்குல சேந்தது. போர்டுல வைக்கும்போது ரெண்டு காயில ஒட்டி ஒட்டி ஒரே பக்கம் பாத்து வச்சா ஒண்ணோட காந்தம் இன்னொண்ணுல ஏறும், தள்ளி வச்சு ஒண்ணப் படுக்கப் போட்டு ஒண்ண நிமித்தி வைங்க. கப்பாசிட்டர் ட்வீட்டருக்கு நேர் வரிசையில வார எடத்துல பாலிப்ராப்பிலீன் போடுங்க, மத்த எடத்துல பைபோலார் எலக்ட்ரோலிட்டிக் போட்டா காசு மிச்சம்.

போர்ட் விஷயம். நீங்க கேக்க வில்லுக்குடமே ஒரு போர்ட் பொட்டிதான் தம்பி. குடத்துக் கழுத்துல நிக்கிற காத்து ஒரு எடை, வயித்துக்குள்ள அடைபட்ட காத்து ஒரு ஸ்பிரிங், வாயில தட்டுனா அந்த எடை அந்த ஸ்பிரிங்குல முன்ன பின்ன ஆடுது, அதுதான் முழக்கம். கழுத்து குறுகலா நீளமா இருந்தாலோ, வயிறு பெருசா இருந்தாலோ சுருதி இறங்கும். ஸ்பீக்கர்ல பிவிசி பைப்புதான் கழுத்து, பொட்டிதான் வயிறு. 11 லிட்டர் பொட்டிய 45 ஹெர்ட்ஸுக்கு சுருதி கூட்டணும்னா, உள்விட்டம் 5 செமீ பைப் 23 செமீ நீளம் வேணும், செங்கோட்டை அண்ணாச்சி சொன்ன பொட்டியில உள் ஆழமே 22.4தான், அதனால எல்போ போட்டு வளைக்கணும். 4 செமீ பைப்புன்னா 14 செமீ போதும், நேரா உக்காந்துரும், ஆனா சத்தம் கூட்டுனா ஓட்டையில காத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்கும். ஒவ்வொரு டிசைன்லயும் இப்படி ஒண்ணக் குடுத்துத்தான் ஒண்ண வாங்கணும்.

ஆனா குடம் நல்லா கேக்க போர்ட் கட்டாயம்னு இல்ல. கேசட்டுல பிடிச்ச குடத்தோட முழக்கம் பெரும்பாலும் 70, 80 ஹெர்ட்ஸுக்கு மேலதான் இருக்கும், மூடுன பொட்டியே அத அழகாக் குடுத்துரும், தட்டு நின்னதும் சத்தமும் சட்டுனு நிக்கும். உங்க 12க்கு 16 ரூமுல சுவருக்குக் கொஞ்சம் கிட்ட வச்சா பேஸுக்குச் சுவரும் கைகுடுக்கும். நான்னா உங்களுக்கு மூடுன பொட்டிதான் சொல்லுவேன். உள்ள அடைக்க மெத்தைக் கடையில தலையணைக்குப் போடுற பாலியெஸ்டர் பஞ்சு வாங்கிக்கிடுங்க, அமுக்காம லேசா உதறிப் போடணும். இலவம்பஞ்சு வேண்டாம், நம்ம ஊரு ஈரத்துல கட்டி தட்டும், பூச்சியும் வரும்.

அளக்கிறது, டிசைன மாத்தாம செஞ்சா கட்டாயம் இல்ல. ஆனா ஒரு யூஎஸ்பி மைக் வாங்கி வச்சா வாழ்நாளுக்கும் உதவும், ஆர்இடபிள்யூன்னு ப்ரோக்ராம் சும்மா கெடைக்கு. வயரிங்ல ஒரு கப்பாசிட்டர் மாறியிருந்தாக்கூட ரெண்டு ஸ்பீக்கரோட கிராஃபும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராது, உடனே காட்டிக் குடுத்துரும். ரூமுக்குள்ள அளந்தா சுவரு எதிரொலியும் சேந்துக்கிடும், அதனால தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) கொண்டு போங்க. ஸ்பீக்கரையும் மைக்கையும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல, ஒரு மீட்டர் எடவெளி விட்டு வைங்க. தரையில பட்டுத் திரும்புற சத்தம் 6 மில்லிசெகண்ட் பிந்தித்தான் வரும், அதுக்கு முன்னால ப்ரோக்ராம்ல வெட்டி விட்டுட்டா 160 ஹெர்ட்ஸுக்கு மேல ஸ்பீக்கர் மட்டும் தனியாத் தெரியும். அதுக்குக் கீழ வூஃபர் கோனுக்கு அரை செமீ கிட்ட மைக்கக் கொண்டு போயி தனியா எடுக்கணும். ஆடி மாசம் மட்டும் இதுக்கு ஆகாது, காத்து மைக்க அடிச்சுப் பேத்துரும், எந்த மாசமானாலும் வெள்ளன நாலு மணிக்கு மேல, பறவை சத்தம் தொடங்குறதுக்கு முன்ன எடுத்துருங்க.

ட்வீட்டர் மாட்டுன பக்கம் சரியான்னு பாக்க ஒரு வழி இருக்கு. லிங்க்விட்ஸும் ரைலியும் 1976ல சொன்ன நாலாம் வரிசை கிராஸ்ஓவர் (மாத்துற எடத்தத் தாண்டுனதும் சத்தத்த செங்குத்தா வெட்டுற வகை) உள்ள டிசைன்னா, ட்வீட்டர் வயர வேணும்னே திருப்பிப் போட்டு அளந்தா மாத்துற எடத்துல ஒரு ஆழமான பள்ளம் விழணும். பள்ளம் ஆழமா, ஒரே சீரா விழுந்தா ரெண்டு டிரைவரும் நேரா போடும்போது கச்சிதமா சேந்து பாடுதுன்னு அர்த்தம். பொறவு மறக்காம வயரத் திருப்பிப் போட்டுருங்க.

செங்கோட்டை_பலகை:

பலகை வெட்டணும்னா அளவு எழுதி அனுப்புங்க தம்பி, பட்டறையில கட் பீஸ் கெடக்கு. டிரைவர் கைக்கு வந்தப் பொறவு மட்டும் வட்டம் வெட்டுவோம், டேட்டா ஷீட்ட நம்பி வெட்ட வேண்டாம், ஃபிளேஞ்ச நான் என் கையால அளக்கணும்.

அம்பை_வாய்க்கால்:

சரி அண்ணாச்சி, டிரைவர் ஆர்டர் போட்டுட்டு அதையும் எடுத்துக்கிட்டு செங்கோட்டைக்கு நேர்ல வாரேன். ஒரே ஒரு பயம், எல்லாம் மாட்டி மொத தடவ ஆன் பண்ணும்போது ட்வீட்டர் போயிருமோன்னு. அது ஒண்ணே பாதி வெலை.

சுரண்டை_ரேடியோசெட்:

அதுக்கு பயப்பட வேண்டாம், நாங்க தெனமும் செய்யுறதுதான். வூஃபருக்கு ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒண்ண தொட்டு எடுங்க, பிளஸ்ஸ பிளஸ்ல வச்சா கோன் வெளிய வரணும், உள்ள போனா வயர் மாறிக் கெடக்கு. ட்வீட்டர்ல பேட்டரி வைக்கவே கூடாது. மொத தடவ ஆன் பண்ணும்போது ட்வீட்டருக்கு வார பிளஸ் வயர்ல கூடுதலா ஒரு 33 மைக்ரோஃபாரட் பைபோலார் கப்பாசிட்டர சீரியல்ல போட்டு, வால்யூம அடிமட்டத்துல வச்சு, ஒரு மெதுவான பாட்டப் போடுங்க. கிராஸ்ஓவர் வயரிங்ல எங்கயாவது பிசகு இருந்தாலும் பேஸ் நேரா ட்வீட்டர்ல போயி விழாது. எல்லாம் சரியா பாடுதுன்னு உறுதியானப் பொறவு ஆம்ப ஆஃப் பண்ணிட்டு அந்தக் கப்பாசிட்டர எடுத்துருங்க.